சிவப்பு வட்டமும் தனித் தட்டும்

விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் போதும், கால் மணி நேரத்தில் ஒரு குடும்பத்தையே கலக்கிவிடலாம். அதுதான் எங்கள் லேப் வேலை. ஹெபடைடிஸ் பி கார்டு டெஸ்ட் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்ததிலிருந்து நான் பட்டதெல்லாம், இதே மாதிரி மேஜையில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத்தான் புரியும்.

இரண்டு கோடு

சித்ரா சித்தேரி மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்தவள். ஐந்தாம் மாதம். கார்டில் ஒரு கோடு என்றால் நிம்மதி. இரண்டு என்றால் கிருமி இருக்கிறது. இரண்டாவது கோடு மெல்ல எழுந்தது. அவளும் எட்டிப் பார்த்தாள். கர்ப்பம் பார்த்த அன்று இரண்டு கோட்டுக்குத் தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தவளாம். முகமெல்லாம் சிரிப்பு. "மறுபடியும் ரெண்டு கோடு! ரெட்டப் புள்ளைங்களா மேடம்?"

வட்டம்

பிரசவ அறையில் கவனமாக இருக்கட்டும் என்று அவளுடைய தாய் சேய் அட்டையின் மூலையில் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை. தப்பு விடைக்கெல்லாம் சிவப்பு வட்டம் போட்ட கான்வென்ட்டில் படித்த புத்தி. அடுத்த மாதம் மாமியாரோடு வந்தாள், கண் வீங்கியிருந்தது. வட்டத்துக்கு அர்த்தம் கேட்டு வீட்டில் தெரிந்துகொண்டுவிட்டார்கள். அவளுக்கு இப்போது தனித் தட்டு, தனி டம்ளர். "சாப்பாட்டுல எல்லாம் ஒட்டாதுங்கம்மா" என்று பதமாகச் சொன்னேன். அந்த அம்மா என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒட்டாதுன்னா நீங்க எதுக்குங்க கைக்கு ரெண்டு உறை மாட்டியிருக்கீங்க?"

என் விரல்

அந்த இரண்டு உறையோடேயே மேல் பரிசோதனைக்குச் சித்ராவிடம் ரத்தம் எடுத்தேன். ஊசியைத் திரும்ப மூடக்கூடாது என்று நானே ஒட்டிய நோட்டீஸுக்குக் கீழே நின்று மூடினேன். இரண்டு உறையையும் தாண்டி ஊசி என் விரலில் இறங்கியது. இந்தக் கிருமிக்கான தடுப்பூசி மூன்றில் ஒன்றுதான் போட்டிருந்தேன். மற்ற இரண்டும் என் கர்ப்பம், பிரசவம் என்று தள்ளிப்போய்விட்டன. வீட்டில் தாய்ப்பால் குடிக்கிற ஆறு மாதக் குழந்தை.

என் ரத்தத்தையும் கார்டில் விட்டுப் பார்த்தேன். ஒரு கோடு. ஆனால் இன்று ஏறிய கிருமியை இன்றைய கார்டு காட்டாது. மாதக்கணக்கில் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். மூத்த நர்ஸ் அக்கா தொற்றைத் தடுக்கப் போட வேண்டிய ஊசியைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்தினார். "பால் தாராளமா குடு சாமி. வூட்டுல மட்டும் மூச்சு விடாத, தட்ட மாத்திருவாங்க."

வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தச் சிரமம்கூட வைக்கவில்லை. ஒட்டாது என்று ஊருக்கெல்லாம் சொன்ன நானே, இன்று ராத்திரி என் தட்டைத் தனியாகக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.