தலவில நேர்த்தியும் நுரைச்சோலையில் நான் சொன்ன பொய்யும்

நேர்த்திக்கடன் வைத்தது அம்மா. எனக்கு இந்த விஷயங்களில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அது என் பேரில் வைத்த நேர்த்தி. அதனால் ஒக்டோபர் மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு, சிலாபத்திலிருந்து தலவில புனித அன்னம்மாள் கோயிலுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். திருவிழா நெரிசல் இல்லாத நாளில் அங்கே போக நினைப்பவர்களுக்கு நேரம், தூரம், செலவு எல்லாம் இந்தப் பதிவில் இருக்கின்றன. நேர்த்தி ஏன் வைக்கப்பட்டது என்பதையும் எழுதியாக வேண்டும். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் இதுவும் ஒரு பொய்தான்.

நான் படித்தது கருவிப் பராமரிப்பு. அமுக்கமானி, வெப்பமானி எல்லாம் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்த்துத் திருத்துவது தொழில். போன வருஷம் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் ஒரு ஒப்பந்தக்காரரின் கீழ் ஆறு மாதம் வேலை செய்தேன். ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது, எனக்கு முன்னால் சைக்கிளில் போன வயதானவர் ஒருவர் தன் வீட்டு ஒழுங்கைக்குள் போக வலப்பக்கம் திரும்பினார். நான் மோதினேன். அவருடைய வலது கணுக்கால் உடைந்தது. பெயர் ஹனீபா.

அவர் கை காட்டாமல் திடீரென்று திரும்பினார் என்று பொலிசில் வாக்குமூலம் கொடுத்தேன். காட்டினேன் என்று அவர் சொன்னார். சாட்சி யாரும் இல்லை. என் பேரில் கேஸ் வராமலே முடிந்துவிட்டது. வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் சான்றிதழ் எடுக்க வேண்டிய எனக்கு அது பெரிய நிம்மதி. கேஸ் வராமல் போனால் தலவிலவில் மூன்று பேருக்குக் கால் கழுவிச் சாப்பாடு கொடுப்பதாக அம்மா நேர்ந்திருந்தார்.

ஹனீபா கை காட்டினார். நான் கண்டேன். அவர் திரும்பி முடிக்க முதல் கடந்துவிடலாம் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினேன். அம்மாவுக்கு இது தெரியாது.

இனிப் பயணம். காலை 5.40க்குச் சிலாபத்தில் புறப்பட்டோம். வான் வாடகை எரிபொருளோடு பதினாறாயிரம் ரூபாய். பின் இருக்கையில் சோற்றுச் சட்டி, பாரை மீன் குழம்பு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், பாயாசம். மூன்று பேருக்கு என்று சொல்லி அம்மா பத்துப் பேருக்குச் சமைத்திருந்தார். பாலாவிச் சந்திக்கு 6.45. வான் மீற்றரில் 47 கிலோமீற்றர். அங்கே இடப்பக்கம் கல்பிட்டி வீதிக்குத் திரும்ப வேண்டும். சந்தியிலேயே தேத்தண்ணீர் குடித்துவிடுங்கள். அதற்கப்புறம் காலையில் திறந்திருக்கும் கடைகள் குறைவு.

உப்பளங்களைத் தாண்டினால் வெறும் மணலும் வெங்காயத் தோட்டங்களும்தான். மழை வரும்போல இருட்டிக்கொண்டு கிடந்தது, பெய்யவில்லை. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தூரத்திலிருந்தே தெரியும். அதைக் கண்டதும் ஓட்டுநர், "தம்பி வேலை செஞ்ச இடம் அதுதானே?" என்றார். நான் பதில் சொல்ல முதல் அம்மா, "அந்த ஒழுங்கைலதான் அந்த மனுஷன் குறுக்க வந்தது" என்று கையை நீட்டிக் காட்டினார். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

தலவிலவுக்கு 7.35. பாலாவியிலிருந்து 28 கிலோமீற்றர். திருவிழாவுக்கு வந்தவர்களுக்கு அந்த இடத்தை இப்போது பார்த்தால் அடையாளம் தெரியாது. கூடாரங்கள் இல்லை, மெழுகுதிரிக் கடைகளில் இரண்டுதான் திறந்திருந்தன, யாத்திரிகர் மண்டபங்களில் நாய்கள் படுத்துக் கிடந்தன. கடல் மட்டும் பெரிய சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

எட்டு மணிப் பூசைக்கு முப்பது பேர் இருந்தார்கள். பரிசேயனும் வரிதண்டுபவனும் கோயிலுக்குப் போன கதையைச் சொல்லிப் பிரசங்கம் வைத்தார் ஃபாதர். அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பங்குக் கோயிலில் நாலு பேருடைய முகம் வரும். முன் வாங்கில் இருந்துகொண்டு வட்டிக்குக் கொடுப்பவர், கோயில் கமிட்டியில் நின்றுகொண்டு வேலைக்காரியை அடிப்பவர், இப்படி. நல்லகாலம் நான் அந்த மாதிரிப் பக்திமான் இல்லை என்று நினைத்துக்கொள்வேன். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன். மற்றவர்களைப் போல நான் இல்லை, நன்றி ஆண்டவரே என்று அந்தப் பரிசேயன் சொன்னதும் ஏறக்குறைய அதேதான் என்பது பூசை முடிந்து செருப்பு மாட்டும்போதுதான் உறைத்தது.

நேர்த்தி முறை தெரியாதவர்களுக்கு: ஏழைகளில் வயதான ஆண் ஒருவர், பெண் ஒருவர், பிள்ளை ஒன்று. அவர்களைச் சூசையப்பர், மாதா, பாலன் என்று திருக்குடும்பமாக நினைத்துக் கால் கழுவித் துடைத்து, இலை போட்டு, அவர்கள் சாப்பிட்டு முடிந்த பிறகுதான் வீட்டார் சாப்பிட வேண்டும். கோயிலுக்குப் பக்கத்திலேயே ஆட்கள் கிடைப்பார்கள். எங்களுக்கு ஒரு தாயும் அவளுடைய சின்ன மகளும், கருவாடு காயவைக்கும் வாடியில் காவல் இருக்கும் ஒரு கிழவரும் வந்தார்கள்.

மண்டபத் தரையில் முழங்காலில் இருந்து கிழவரின் காலைத் தண்ணீர்ப் பேசினுக்குள் எடுத்து வைத்தேன்.

"தம்பி, சவுக்காரம் வேணாம். விரலுக்கிடையில புண் இருக்கு."

"சரி ஐயா."

"இந்த மாசம் மூணாவது தரம் நான் சூசையப்பர்" என்றார். "முன்னுக்கு வந்த ஆக்கள் ரெண்டு சொட்டு தெளிச்சிட்டு படம் எடுத்தாங்க. நீங்க அழுக்கு போகக் கழுவுறீங்க. பெரிய பாவம் ஏதும் செஞ்சீங்களோ?"

அந்தப் பெண் சிரித்தாள். அம்மாவும் சிரித்தார். "எங்க மகன் ஒரு எறும்பையும் நசுக்க மாட்டான் ஐயா" என்றார்.

நான் குனிந்தபடி மற்றக் காலை எடுத்தேன். முழங்காலில் இருப்பதை ஒரு பெரிய தாழ்மை என்று சொல்கிறார்கள். எனக்கு அது மிகச் சுலபமாக இருந்தது. இந்தக் காலை நான் உடைக்கவில்லை, இவர் என்னிடம் எதுவும் கேட்கப்போவதில்லை. தெரியாத ஆளுக்கு முன்னால் முழங்காலில் எத்தனை மணித்தியாலம் வேண்டுமானாலும் இருக்கலாம்.

பன்னிரண்டரைக்குத் திரும்பப் புறப்பட்டோம். மிச்சச் சாப்பாட்டை அம்மா பார்சல் கட்டியிருந்தார். நுரைச்சோலை நெருங்கும்போது, "மகன், அந்த மனுஷனுக்கும் ஒரு பார்சல் குடுத்திட்டுப் போவம். மீன்தானே, கோழி போடல்ல, ஹலால் பிரச்சினை இல்ல, அவங்க சாப்பிடுவாங்க" என்றார்.

"தேவையில்லம்மா. நேரம் போகுது."

"பத்து நிமிஷம். குறுக்க வந்தது அவர்ர பிழைதான். அதுக்காக நாம எரக்கம் இல்லாம இருக்க ஏலுமா?"

ஓட்டுநர் ஏற்கெனவே ஒழுங்கைக்குள் திருப்பிவிட்டார்.

ஹனீபா நானா முன் விறாந்தையில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், ஒரே இடத்தில் இருந்து கால் விறைத்துப்போயிருந்தது. தூணோடு சங்கிலி போட்டு ஒரு சைக்கிள் பூட்டியிருந்தது. அவருடைய மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்து, "வாங்க ராத்தா, இரிங்க, பிளேன்ரீ ஊத்துறேன்" என்றார். ஒரு துளி கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அவர் தேத்தண்ணீர்த் தட்டோடு திரும்பி வந்தபோது, அம்மா பார்சலை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "தலவிலவுக்குப் போயிட்டு வாறோம் நானா. எங்க மகன்ல பிழை இல்லாட்டியும் உங்களுக்காகவும் அன்னம்மாட்ட மன்றாடினேன்."

நானாவின் மனைவி புருஷனைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா? ஒங்களால அந்தப் புள்ள பொலிசுக்கு அலைஞ்சிச்சி. அவங்க வந்து ஒங்களுக்கு துஆ கேக்குறாங்க. ஒங்களுக்கு வெக்கமா இல்லயா?"

"நான் கைய காட்டினேன்" என்றார் நானா.

"ஓம் ஓம், காட்டினீங்க. காக்காக்கும் குருவிக்கும் காட்டினீங்க." அம்மாவின் பக்கம் திரும்பினார். "ஒரு வருஷமா இதே கதை ராத்தா. சைக்கிள் மிதிச்சா காலுக்கு நல்லமெண்டு டாக்டரே செல்லிட்டாரு. நாந்தான் பூட்டி சாவிய வெச்சிரிக்கேன். மகனும் அதத்தான் செல்றான். பின்னால பாக்காம திரும்புற மனிசன், கேட்டா கைய காட்டினேன் எண்டு பொய் வேற. இன்னொருக்கா ரோட்டுல விட்டா மையத்தாத்தான் ஊட்டுக்கு வருவாரு."

முன்பெல்லாம் அவர் காலையில் தோட்டத்துக் கீரையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவார், வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குத் தனியாகப் போவார். இப்போது அந்தக் கதிரைதான். அவர் மனைவி இதையும் சொன்னார், நோயாளியைப் பற்றிச் சொல்வது மாதிரி.

நானா என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்க செல்லுங்க. அண்டைக்கி எனக்கு பின்னால வந்தது நீங்க மட்டுந்தான். எனக்கே இப்ப சந்தேகமா போச்சி. நான் கைய காட்டினேனா இல்லயா?"

அவர் கோபமாகக் கேட்டிருந்தால் நான் மறுபடி பொய் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"காட்டினீங்க" என்றேன். "நான் கண்டேன். கண்டுதான் வேகத்தக் கூட்டினேன், முந்திடலாமெண்டு. பொலிசில பொய் சொன்னேன்."

அம்மா "மகன்" என்று மட்டும் சொன்னார். நானாவின் மனைவி தேத்தண்ணீர்த் தட்டோடு அப்படியே நின்றார். நான் ஏச்சை எதிர்பார்த்து நின்றேன். ஆனால் அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"சோத்துப் பீங்கானுக்கு முன்னால வெச்சி ஏசினேன்" என்றார். "மருமக்களுக்கு முன்னால ஏசினேன். பொய்யன் எண்டு செல்லிட்டேன்." தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். பிறகு அவர் வரவில்லை.

நானாவின் முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை. "மகனுக்கும் செல்லுங்க" என்று போனை எடுத்துத் தந்தார்.

மகன் புத்தளத்தில் கடை வைத்திருக்கிறார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "எழுதி, ஐடி நம்பர் போட்டு, கையெழுத்து வெச்சி வாப்பாட கைல குடுங்க. பொறகு எங்கட ஊட்ட விட்டு எறங்குங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். அம்மா பார்சலை அங்கே வைப்பதா, எடுப்பதா என்று தெரியாமல் நின்றார். "எடுத்துட்டு போங்க தங்கச்சி" என்றார் நானா, மெதுவாக.

பாலாவிச் சந்தி தாண்டினால் அம்மா வழக்கமாகச் செபமாலை தொடங்குவார். அன்று தொடங்கவில்லை. ஓட்டுநர் பாட்டை நிறுத்திவிட்டார். முந்தல் வரும்போது அம்மா கேட்டார்:

"கேஸ் வரக்கூடாதெண்டு கேட்டேன். வரல்ல. அப்ப அதத் தந்தது ஆரு மகன்?"

பீடத்துக்குக் காணிக்கை கொண்டுபோகிறவன், தன்மேல் மனத்தாங்கல் உள்ளவனிடம் முதலில் போய்விட்டு வர வேண்டும் என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறேன். நாங்கள் அந்த வீட்டு ஒழுங்கையைத் தாண்டிப் போய், யாரோ ஒருவருடைய காலைக் கழுவிவிட்டு, மிச்சத்தை இவருக்குக் கொண்டுவந்தோம். அம்மாவில் பிழை இல்லை, அவருக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். செவ்வாயில் போங்கள், ஆனால் பதினொரு மணிக்கு முதல் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள், பிறகு மணல் கொதிக்கும். பஸ்ஸில் போவதென்றால் பாலாவியில் இறங்கிக் கல்பிட்டி பஸ் பிடித்து, தலவிலச் சந்தியிலிருந்து த்ரீவீலரில் போகலாம். நானூறு ரூபாய் கேட்பார்கள், பேசிவிட்டு ஏறுங்கள். கால் கழுவுவதற்குத் துவாயும் பேசினும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். குடிக்கிற தண்ணீரும் அப்படித்தான், அங்கே கிணற்றுத் தண்ணீர் உப்பு. படம் எடுக்காதீர்கள். நேர்த்தி யாருடைய பேரில் வைத்ததோ அந்த ஆளிடம், புறப்பட முதல் நாள், உண்மையில் என்ன நடந்தது என்று இன்னொரு தடவை கேளுங்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருப்பேனோ தெரியாது.

மூன்று கிழமை கழித்து அந்த மகனுக்கு போன் எடுத்தேன். வாப்பா சைக்கிளில் போகிறார், சந்தைக்கும் பள்ளிக்கும், என்றார். சாவியை உம்மா அன்றைக்குப் பின்னேரமே ஒன்றும் பேசாமல் கதிரையில் கொண்டுவந்து வைத்தாராம். அதற்கப்புறம் வீட்டில் உம்மாவின் சத்தமே குறைந்துபோய்விட்டதாம்.

பொலிஸ் சான்றிதழுக்கு நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. நான் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பொலிசில் கொடுக்கப்போகிறாரா என்று கேட்டேன்.

"வாப்பாட்ட வாங்கி அத உம்மாட கைல குடுத்திட்டேன்" என்றார். "என்ன செய்றதெண்டு அவதான் செல்லணும். அவ இன்னம் ஒண்டும் செல்லல்ல."