ஆட்டுப்பால் குடித்த குருவி

ரங்கூன் கெமண்டைனில், ஆற்றோர அரிசி ஆலைக்குப் பின்னால் எங்கள் வீடு. அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டதால், கைக்குழந்தையாக இருந்த தம்பிக்காக அப்பா ஒரு வெள்ளாடு வாங்கிக் கட்டியிருந்தார். கொஞ்ச நாளாகச் சாயங்காலத்தில் அதன் மடி வெறும் தோலாகத் தொங்கியது. தம்பி அரைவயிற்றோடு வீறிட்டு அழுதான்.

அம்மாவின் சந்தேகம் சித்தி மேல் விழுந்தது. சித்தப்பாவைக் கலியாணம் செய்துகொண்டு அந்த மழைக்காலத்தில்தான் கப்பலில் வந்தவள். சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது என்று எழுந்து போய்விடுவாள். பட்டினி கிடப்பவள் முகம் இப்படிப் பளபளவென்றா இருக்கும் என்பது அம்மாவின் கட்சி. அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். "பச்சைக் குழந்தை பாலைத் திருடுகிறவளோடு என்னால் இருக்க முடியாது. அடுத்த கப்பலில் ஏற்றிவிடுங்கள்" என்று அப்பாவிடம் சொன்னாள். சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவருக்கு இருந்த தைரியம் அவ்வளவுதான்.

அன்று அந்தி மங்கும் நேரத்தில் ஆலையின் ஜெர்மன் இன்ஜினியர் அப்பாவைத் தேடி வந்தார். ஆட்டின் காலடியிலிருந்து இருட்டினால் வெளிவரும் பக்கிக் குருவி ஒன்று விருட்டென்று எழுந்து பறந்தது.

"த்ஸீகன்மெல்கர்!" என்று அவர் கைதட்டிச் சிரித்தார்.

பிறகு அரைகுறை பர்மிய மொழியில் விளக்கினார். அப்பாவுக்கும் எனக்கும் அது புரியும். அம்மாவுக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆடு கறப்பவன் என்று அர்த்தமாம். மடி வற்றிய ஆட்டின் கொட்டிலில் இந்தக் குருவியைப் பார்த்த அந்தக் காலத்து ஜனங்கள், இதுதான் குடித்தது என்று பேர் வைத்துவிட்டார்களாம். "பாவம், அது ஆட்டைச் சுற்றும் பூச்சிக்காக வருகிறது. பாலைத் தொடுவதே இல்லை" என்றார்.

அவர் போனதும் அப்பா அடுப்படியைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "கேட்டாயா? பாலைக் குருவி குடிக்கிறதாம். ஜெர்மனியில் அதற்குப் பேரே அதுதானாம்!"

"இல்லைப்பா, பூச்சி..." என்று தொடங்கினேன். அப்பா என் வாயில் ஒரு வெல்லக்கட்டியைத் திணித்தார்.

அம்மா சோற்றுப் பானையை இறக்கி வைத்தாள். பிறகு, "சாப்பிட வாடி" என்று சித்தியைக் கூப்பிட்டாள். சித்தி ஓவென்று அழுதுவிட்டாள். அம்மா அவளை அணைத்துக்கொண்டு, அவள் வயிற்றைத் தொட்டுக் காதோடு ஏதோ கேட்டாள். சித்தி குனிந்தபடி தலையாட்டினாள். அப்பா பெரிதாக மூச்சு விட்டுச் சுருட்டைப் பற்றவைத்தார்.

அந்த வாரமே இன்னொரு ஆடு வந்தது. கறந்ததும் ஒரு டம்ளரை அம்மா சித்தியிடம் நீட்டி, "குருவி வருவதற்குள் குடித்துவிடு" என்றாள். இருவரும் சிரித்தார்கள். பூச்சி தின்னும் குருவிக்கு அம்மா எதற்கு இத்தனை பயப்படுகிறாள், அதுவும் சிரித்துக்கொண்டே, என்று எனக்கு விளங்கவே இல்லை.