டி செக்‌ஷனும் குவாரித் தண்ணீரும்

ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் எங்கள் பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் வாரியாகப் பிள்ளைகளைப் பிரித்தார்கள். ஏ செக்‌ஷனில் மிடுக்காகத் திரிந்த நான், கணக்கில் கவிழ்ந்து டி செக்‌ஷனில் போய் விழுந்தேன். பழைய கூட்டாளிகள் மறுநாளே சாப்பாட்டு நேரத்தில் எனக்கு இடம் விடவில்லை. அழுகையாக வந்தது. வீட்டில் சொல்லவும் வெட்கம்.

என் அத்தை மகன் முன்பிருந்தே டி செக்‌ஷன்தான். அதுவரை பள்ளி வேனில் அவன் பக்கத்தில் உட்காரக்கூட மாட்டேன். இப்போது அவனே நகர்ந்து பெஞ்சில் இடம் கொடுத்தான். அந்த இரக்கம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. மார்க் போனால் என்ன, தைரியத்தில் நான்தான் முதல் என்று காட்ட வேண்டாமா? பர்கூர் பக்கம் கைவிடப்பட்ட கிரானைட் குவாரியில் மூன்றாள் உயரப் பாறையிலிருந்து தண்ணீரில் குதிக்கப் போவதாக வகுப்பு முழுக்கக் கேட்கும்படி அறிவித்தேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பதை மட்டும் அறிவிக்கவில்லை. கூடவே வளர்ந்த அத்தை மகனும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

நாள் குறிப்பதில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கில்லாடிகள். பள்ளிக்கு மட்டம் போட்டால் ஒன்பதரைக்கெல்லாம் பெற்றோர் போனுக்கு மெசேஜ் போய்விடும். ஆனால் கம்பெனி வேலைக்குப் போகும் அம்மாவுக்கு முதல் ஷிப்டு என்றால், போன் அங்குள்ள லாக்கரில் கிடக்கும். இரண்டு மணிக்கு முன்னால் தொட முடியாது. பாடப் புத்தகத்தைவிட அம்மாவின் ஷிப்டு அட்டவணையை நான் கவனமாகப் படித்திருந்தேன். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். அத்தை மகனும் அவன் நண்பன் ஒருவனும் கேட்காமலேயே கூட வந்தார்கள்.

பாறைமேல் ஏறி நின்றேன். கீழே பச்சைத் தண்ணீர். குதித்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன். அதற்குள் அவர்கள் இருவரும் சரிவான பக்கமாக இறங்கி நீந்தி வந்து, நான் குதிக்க வேண்டிய இடத்திலேயே மிதந்தார்கள்.

“டேய், தள்ளுங்கடா! நான் குதிக்கணும்.”

“இருடா. தண்ணி சூப்பரா இருக்குது. இப்பத்தான எறங்கனோம்,” என்றான் அத்தை மகன்.

கத்தினேன், திட்டினேன், கல்லை எடுத்து ஓங்கிக் காட்டினேன். சிரித்தார்களே தவிர நகரவில்லை. அரை மணி நேரமாவது நின்றிருப்பேன். கடைசியில் ஆத்திரத்தோடு பாறையைவிட்டு இறங்கினேன்.

உடனே அவர்களும் கரையேறினார்கள். இருவருக்கும் உதடு வெளுத்து, பற்கள் தந்தியடித்தன. “பசிக்குது, வாடா போலாம்,” என்றான் அத்தை மகன். பஸ்ஸில் அவர்களை விட்டுத் தள்ளி முன் சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

மறுநாள் வகுப்பில், இவர்கள் குறுக்கே வராமல் இருந்திருந்தால் குதித்தே இருப்பேன் என்று மார்தட்டினேன்.

“ஆமாடா, குதிச்சிருப்பான். நாங்கதான் கெடுத்துட்டோம்,” என்று அத்தை மகனே எழுந்து சாட்சி சொன்னான்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவ்வளவு குளிரில் கிடந்தவர்கள், நான் இறங்கும்வரை ஏன் கரையேறவில்லை என்று யோசிக்க எனக்கு அப்போது நேரமில்லை.