வராதவர்களின் ஓட்டு

நாட்டின் சட்டசபை வாசலில் அப்பாவுக்கு இருபத்திரண்டு வருட வேலை. ஓட்டெடுப்புக்கு முன் ஐந்து நிமிடம் மணி அடிக்கும். அது நின்றதும் கதவைப் பூட்ட வேண்டும். அமைச்சரே ஓடி வந்தாலும் முகத்துக்கு நேரே பூட்டிவிடுவார். அதனால் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். வீட்டிலும் அதே கெடுபிடிதான். நான் பள்ளிக்கூடப் பேருந்தை ஒரு நாளும் விட்டதில்லை, எரிச்சலோடுதான்.

சபையைப் பார்க்க வரும் மாணவர்களுக்கு அவரே விளக்குவார். "சாதாரணச் சட்டத்துக்கு, வந்தவங்கள்ல பாதிக்கு மேல ஆதரிச்சாப் போதும். அரசியலமைப்பைத் திருத்தணும்னா, மொத்தம் நூத்தம்பது பேர்ல நூறு பேர் கை தூக்கணும். வராம வீட்ல தூங்குறவரும் வேண்டாம்னு சொன்ன கணக்குதான்." பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அந்தத் திருத்தம் வந்தபோது எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு இனி குடியுரிமை கிடையாது, ஏற்கெனவே கொடுத்ததும் செல்லாது என்றது அது. அம்மா எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்து, கைக்குழந்தையாக இங்கே வந்தவள்.

ஓட்டெடுப்பு அன்று மணி நின்றது. நடைக்கூடத்தின் கோடியிலிருந்து ஒரு பெண் உறுப்பினர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். திருத்தத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியவர். ஒரு எதிர்ப்பு ஓட்டு வீணாகிறதே என்று அப்பாவின் மனம் அடித்துக்கொண்டது. முதல் தடவையாகக் கதவைப் பூட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சீக்கிரம் வாங்கம்மா!"

காலையிலேயே கட்சி அவரை மடக்கிவிட்டது அப்பாவுக்குத் தெரியாது. உள்ளே போனவர் ஆதரவாகக் கை தூக்கினார். சரியாக நூறு.

அந்த அம்மாள் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் ஆறவில்லை. அப்பாவுக்கோ தன்மேல்தான் ஆத்திரம். மாலையில் வந்து, சீருடையைக்கூடக் கழற்றாமல், அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"பூட்டியிருந்தா தொண்ணூத்தொம்பதுதான். அந்தம்மா மனசுல என்ன இருந்தாலும், வெளியில நின்னிருந்தா எதிர்ப்புக் கணக்கு. ஊருக்கெல்லாம் சொன்னேன், அந்த நேரத்துல எனக்கே உறைக்கலையே."

"எனக்காகத்தானே திறந்து வச்சீங்க," என்றாள் அம்மா. அவர் தோளில் கை வைத்தாள். "எந்தத் தேதியிலேர்ந்துங்க நான் இந்த நாட்டுக்காரி இல்ல?"

அவருக்குத் தெரியும். சபை வாசலில் தேதி போட்ட அறிவிப்பை ஒட்டியதே அவர்தான்.

"ஒண்ணாம் தேதி," என்றார்.