முக்காலும் ஒரு சைக்கிளும்

எழுபதுகளின் கடைசியில், தில்லிக்கு வந்த இரண்டாம் வருடம், எனக்கு மாலைக் கல்லூரியில் பி.ஏ. படிக்க இடம் கிடைத்தது. பகலில் ஆர்.கே.புரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் எல்.டி.சி., அதாவது கீழ்நிலை எழுத்தர் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா கூலிச் சீட்டில் பெருவிரலை உருட்டுவார். அம்மாவுக்கு விரலை உருட்டும் சந்தர்ப்பம்கூட வாய்த்ததில்லை. ஆகவே சேர்க்கைச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தேன். பஸ்ஸில் நெரிசல் என்றால் கை தானாகப் பையைப் பொத்திக்கொள்ளும். பர்ஸ் பேண்ட் பையில் கேட்பாரற்றுக் கிடக்கும்.

சீட்டைக் கொடுத்த கல்லூரி எழுத்தர் ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். "பௌனே சே பஜே ஹாஸ்ரி. தீன் தின் நஹீ ஆயே, தோ சீட் கயீ." சே என்றால் ஆறு, ஹாஸ்ரி என்றால் வருகைப் பதிவு. முதல் மூன்று நாள் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் இடம் காத்திருப்பவனுக்குப் போய்விடும். இதெல்லாம் எனக்குப் புரிந்தது. 'பௌனே' மட்டும் புரியவில்லை. அவரிடம் கேட்டிருக்கலாம். ஆனால் ஆபீஸ் இந்தி வகுப்பில் தேர்வு எழுதித் தேறி, அதற்குப் பரிசுத் தொகையும் வாங்கியிருந்தேன். பரிசு வாங்கியவன் சந்தேகம் கேட்டால் நன்றாக இருக்காது என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

சரோஜினி நகர் அறையில் என்னோடு இருந்தவர் திருநெல்வேலிக்காரர், ஸ்டெனோகிராபர். தில்லியில் ஏழு வருடம் ஆனவர். நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான் என்பதால் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னை 'ஏல' என்பார். கோபம் வந்தால் 'எழுத்தரே' என்பார்.

"பௌன்னா முக்கால்" என்றார் அண்ணாச்சி, சட்டையில் பட்டன் தைத்தபடி. "ஆறும் முக்காலும் என்ன? ஆறே முக்கால். இதுல என்ன சந்தேகம் வேண்டிக் கெடக்கு?"

"நிச்சயமா அண்ணாச்சி?"

"ஏழு வருஷமா இந்த ஊர்ல கத்திரிக்கா வாங்குதேன்ல. என்கிட்டயேவா?"

ஆறே முக்கால். ஆபீஸ் ஐந்து மணிக்கு முடியும். கல்லூரி கோல் மார்க்கெட் பக்கம், ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். பஸ்ஸை நம்பினால் இரண்டு இடத்தில் மாற வேண்டும். இரண்டாவது பஸ் வரும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். திரும்பும்போது வராது என்பதற்கு வேண்டுமானால் எல்லாரும் தருவார்கள். எனவே சைக்கிள் வாங்குவது என்று முடிவாயிற்று. அரசு ஊழியருக்கு சைக்கிள் அட்வான்ஸ் உண்டு. அதையும் என் சேமிப்பையும் சேர்த்தால் முந்நூற்று எண்பது ரூபாய். அதற்குமேல் ஒரு பைசா கிடையாது.

எந்த சைக்கிள் என்பதில்தான் தகராறு.

எனக்கு ஆசை வளைந்த ஹாண்டில்பார் வைத்த ரேஸ் சைக்கிள் மேல். சாந்தி பத் சாலையில் காலை வேளையில் ஒருவர் அதில் குனிந்து போவதைப் பல நாள் பார்த்திருக்கிறேன். பெடல் மிதிக்கிற மாதிரியே தெரியாது. சாலைதான் அவருக்காகப் பின்னால் போய்க்கொண்டிருக்கும்.

அண்ணாச்சிக்கு ஆசை கறுப்பு சைக்கிள் மேல். காலையில் பால்காரர்கள் ஓட்டுவார்களே, அது. "பின்னால பெரிய கேரியர் போட்டுரு. மண்ணெண்ணெ டின்னு வைக்கலாம், அரிசி மூட்ட வைக்கலாம். ஞாயித்துக்கெழம மலை மந்திர் முருகன் கோயிலுக்கு நான் உக்காந்துக்கிடுதேன்."

"படிக்கப் போறதுக்குத்தான வாங்குறேன்."

"படிக்கப் போறவன் முதுக வளச்சுத் தரையப் பாத்துட்டு எதுக்குல போணும்? காசு கீழ விழுந்து கெடக்கா?"

அலுவலக நண்பர் ஒருவரின் கறுப்பு சைக்கிளை இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். கல்லூரி வாசலை அடைய ஐம்பத்தைந்து நிமிடம். ஐந்துக்குக் கிளம்பினால் ஆறுக்குள் போய், முகம் கழுவி, டீ குடித்து, ஆறே முக்கால் வரை வாசலில் நின்று வருகிறவர்களையெல்லாம் வரவேற்கலாம். என் பக்க வாதம் அங்கேயே படுத்துவிட்டது. இருந்தாலும் விலையைக் கேட்பதில் தவறில்லை என்று அண்ணாச்சியிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டேன்.

இரண்டாம் சனிக்கிழமை, ஆபீஸ் விடுமுறை. இருவரும் ஜண்டேவாலான் சைக்கிள் கடைகளுக்குப் போனோம். திங்கட்கிழமை முதல் வகுப்பு. நாலைந்து கடை ஏறி இறங்கி, ஒரு சர்தார்ஜியின் கடையில் நின்றோம். அங்கே கூரையிலிருந்து அது தொங்கியது. ஆரஞ்சு நிறம், விரல் தடிமனில் டயர், கிடாக் கொம்பு மாதிரி ஹாண்டில்பார்.

அண்ணாச்சி அண்ணாந்து பார்த்தார். "ஏல, ஹாண்டில்பாரத் தலகீழா மாட்டியிருக்கான். சொல்லிரு, பாவம்."

நான் விலை கேட்டேன். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்த சர்தார்ஜி நிமிராமல் சொன்னார்: "பௌனே சார் ஸௌ."

"மரியாதையான மனுசன், சார்ங்காரு பாத்தியா" என்றார் அண்ணாச்சி. சார் என்றால் இந்தியில் நான்கு என்று அவருக்கும் தெரியும். நக்கல்தான். பிறகு கணக்குப் போட்டார். "நாலே முக்கால் நூறு. நானூத்தி எழுவத்தஞ்சு. எறங்கு, எறங்கு, ஆசையில இருந்து எறங்கு."

இறங்கினேன். கறுப்பு சைக்கிள் முந்நூறு என்றார் சர்தார்ஜி. அதன் பெடலைக் கையால் சுற்றினேன். மாவு அரைக்கும் சத்தம் வந்தது. அண்ணாச்சி அதற்குள் கேரியரில் உட்கார்ந்து இடம் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூரையை ஒரு தரம் பார்த்துவிட்டு, சரி, இதையே கொடுங்கள் என்றேன். குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். சர்தார்ஜி இந்தியில் கேட்டார், உன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று.

கடைக்காரனிடம் கையிருப்பைச் சொல்லக் கூடாது என்று ஊரிலிருந்து கிளம்பும்போதே சொல்லி அனுப்பியிருந்தார்கள். முந்நூற்று எண்பது என்று சொல்லிவிட்டேன்.

"அப்புறம் என்ன? மேலே இருப்பதை எடுத்துக்கொள்ளேன்."

"அது நானூற்று எழுபத்தைந்து ஆயிற்றே."

"யார் சொன்னது?"

"நீங்கள்தான். பௌனே சார் ஸௌ."

சர்தார்ஜி என்னைப் பார்த்தார். கேரியரில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சியைப் பார்த்தார். பிறகு தூக்கிலிருந்து நான்கு ரொட்டிகளை எடுத்து மூடியின் மேல் வரிசையாக வைத்தார். "கின்." எண்ணு என்றார். எண்ணினேன். நான்கு. நாலாவது ரொட்டியில் கால் பங்கைக் கிழித்து, பருப்பில் தோய்த்து, வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார். மீதியைச் சுட்டிக் காட்டினார்.

"யே ஹை பௌனே சார்."

மூன்று முழு ரொட்டி, ஒரு முக்கால் ரொட்டி. நாம் மூன்றைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் முக்காலை ஏற்றுகிறோம். இவர்கள் நாலை முன்னால் காட்டிவிட்டு அதில் காலைக் கடித்துவிடுகிறார்கள். பௌனே சார் என்றால் நாலே முக்கால் இல்லை, மூன்றே முக்கால். விலை முந்நூற்று எழுபத்தைந்து. கூரையிலிருந்து அந்த ஆரஞ்சு சைக்கிள் ஒரு சாண் இறங்கி வந்த மாதிரி இருந்தது.

அந்தச் சந்தோஷம் எனக்கு அரை நிமிடம்கூட நிலைக்கவில்லை. முக்கால் ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்குக் கல்லூரி எழுத்தரின் எச்சரிக்கை ஞாபகம் வந்தது.

"அண்ணாச்சி, பௌனே சே."

"அதுக்கென்ன?"

"ஆறே முக்கால் இல்ல. அஞ்சே முக்கால்."

அண்ணாச்சி கேரியரிலிருந்து இறங்கினார். ஒரே சொல் நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிக்கொண்டது. ஐந்துக்குக் கிளம்பி நாற்பத்தைந்து நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். கறுப்பு சைக்கிளில் போனால் மூன்று நாளும் பத்து நிமிடம் தாமதமாகப் போய், நாலாம் நாள் போக வேண்டிய தேவையே இல்லாமல் ஆகிவிடும்.

அண்ணாச்சி கறுப்பு சைக்கிளின் சீட்டைத் தட்டிக் கொடுத்தார், மாட்டை விற்றவர் மாதிரி. "ரேஸையே எடு" என்றார்.

மிச்சம் ஐந்து ரூபாய். அதில் மணியும் பூட்டும் மட்டும் வாங்க முடிந்தது. கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, மட்கார்டும் இல்லை. அண்ணாச்சியை உட்கார வைக்க இடமே இல்லாததால் அவர் பஸ்ஸில் வந்தார், எனக்கு முக்கால் மணி நேரம் கழித்து. அந்த முக்காலில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை காய்கறி வண்டி வந்தது. பேரம் முடிந்ததும் வண்டிக்காரர் "ஸவா தோ" என்றார். ஸவா என்றால் கால். இது ஏறுகிற கால், இரண்டே கால் ரூபாய். அண்ணாச்சி புது ஞானத்தோடு ஒன்றே முக்கால் ரூபாயை எடுத்து நீட்டினார். பெரிய ரகளை. ஓடிப் போய் நான்தான் அரை ரூபாய் கொடுத்து விலக்கினேன். உள்ளே வந்து காய்கறிப் பையை இறக்கி வைத்தவர், "அப்ப ஏழு வருஷமா நான் எவ்வளவுல கூடக் குடுத்திருக்கேன்? அதான் என்னப் பாத்தா மட்டும் நமஸ்தேங்கானா அவன்?" என்றார்.

அன்று மாலையே ஆபீஸ் வாசலிலிருந்து கல்லூரி வரை ஓட்டிப் பார்த்தேன். நாற்பத்தேழு நிமிடம். அதில் ஒரு ரவுண்டானாவில் விழுந்தது இரண்டு நிமிடம் இருக்கும், அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார். விழாமல் இருக்க ஏதாவது யோசனை உண்டா என்று கேட்டேன். "பௌனே வேகத்துல போ" என்றார்.

திங்கட்கிழமை. டிபன் பாக்ஸ் கனம் என்று மேஜையிலேயே விட்டேன். ஐந்தடிக்க மூன்று நிமிடம் இருக்கையில் செக்ஷன் ஆபீசர் கையில் ஒரு ஃபைலோடு எழுந்தார். நான் கழிப்பறைக்குப் போகிறவன் முகத்தோடு எழுந்து, அந்த முகத்தோடேயே படியிறங்கி, அந்த முகத்தோடேயே சைக்கிளில் ஏறினேன். சாந்தி பத்தில் குனிந்தவன் கோல் மார்க்கெட்டில்தான் நிமிர்ந்தேன். ஸ்டாண்டு இல்லாத சைக்கிளை வேப்ப மரத்தில் சாய்த்துப் பூட்டிவிட்டு மாடிக்கு ஓடினேன். ஆசிரியர் பெயர் கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் என் பெயர் வந்தது. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. இரண்டாம் தரம் கூப்பிட்டார். அப்போதும் காற்றுதான். அவர் பேனா கட்டத்தை நோக்கி இறங்கியது. நான் மேஜையை ஓங்கித் தட்டினேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"உள்ளே இருக்கிறாயா, வெளியே இருக்கிறாயா?" என்றார் அவர் ஆங்கிலத்தில்.

"பிரசென்ட், சார்" என்றேன். இந்தச் சார் மரியாதைக்கு.

அவர் கட்டத்தில் 'P' போடுவது கடைசி பெஞ்சிலிருந்தே தெரிந்தது. அன்று என்ன பாடம் நடந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சுவர்க் கடிகாரத்தில் ஆறே முக்கால் ஆனபோது மட்டும் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தேன். கறுப்பு சைக்கிளில் வந்து, முகம் கழுவி, டீ குடித்து, தலைசீவி, ரொம்ப நிதானமாக ஒருவன் உள்ளே வருகிற நேரம் அது. யாரும் வரவில்லை. நோட்டைத் திறந்து தேதியை எழுதினேன்.