அடி வாங்காத பிள்ளை

வெள்ளானூர் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே பள்ளிக்கூடத்தில் அடி வாங்காத ஒரே பிள்ளை நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. என்மேல் பட்டால் வாத்தியாரின் பிரம்புக்குத் தீட்டு, அவ்வளவுதான். சேரிப் பிள்ளைகளையும் சேர்க்கவேண்டும் என்று வெள்ளைக்கார சர்க்கார் உத்தரவு போட்டிருந்தது, சேர்த்துக்கொண்டார்கள். எங்கே உட்காரவைப்பது என்று உத்தரவில் இருந்ததோ என்னவோ, எனக்குக் கிடைத்தது வாசலுக்கு வெளியே தாழ்வாரத்துக் கோடி. சேரியிலிருந்து படிக்க வந்தவள் நான் ஒருத்திதான். பேச்சுத் துணைக்குக்கூட ஆள் கிடையாது.

அங்கிருந்து கரும்பலகை தெரியாது. வாத்தியார் குரல் மட்டும் வரும், அதுவும் பாதி. கணக்கைப் போட்டு முடித்ததும் எழுந்து நின்று சிலேட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிப்பேன். அவர் இருந்த இடத்திலிருந்தே, "சரி, உக்காரு" என்பார். உள்ளே இருக்கும் பிள்ளைகளின் சிலேட்டைக் கையில் வாங்கிப் பார்ப்பார். தப்பு இருந்தால் முட்டியில் போடுவார். அவர்கள் அழுதுகொண்டே அழித்துத் திருத்துவார்கள். எனக்கும் ஒரு அடி விழாதா என்று ஏங்கியிருக்கிறேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே ஏங்கினேன். மற்றபடி கணக்கில் நான் புலி என்றுதான் நினைப்பு. அம்மாவும் ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பூந்தமல்லியில் மிஷன்காரர்கள் நடத்திய பெண்கள் பள்ளி ஒன்றில், தங்கிப் படிக்க ஒரு இடம் காலியானது. சோறும் துணியும் அவர்களே கொடுப்பார்கள். அது கிடைத்தால் படித்து டீச்சர் ஆகலாம். கிடைக்காவிட்டால் அம்மாவோடு கழனிக்குப் போகவேண்டியதுதான். விடியும் முன்பே கிளம்பி, இரண்டு பேரும் நடந்தே போனோம்.

தலைமை டீச்சரம்மா என்னைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தார். ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால் எத்தனை என்று கேட்டார். பெரியதிலிருந்து சின்னதைக் கழி, இதுதான் என் காதில் விழுந்திருந்த பாடம். ஐந்தில் இரண்டு போனால் மூன்று. ஏழில் இரண்டு போனால் ஐந்து. முப்பத்தைந்து என்று எழுதி, எழுந்து நின்று தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன்.

"ஏம்மா தூக்கறே? இங்கே குடு" என்று வாங்கிப் பார்த்தார். "தப்பாச்சே" என்று குறுக்கே கோடு போட்டார். இன்னும் சில கணக்குகள் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் கோடு விழுந்தது.

"இப்படிப் போட்டா சரின்னு யாரு சொன்னது?"

"எங்க வாத்தியாருங்க. எப்பவும் சரின்னுதாங்க சொல்வாரு."

டீச்சரம்மா சிலேட்டைத் துடைத்து என் கையில் கொடுத்தார். பிறகு, "இருக்கிறது ஒரு இடம்தான். கணக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி வந்திருக்கா. நல்லா கத்துக்கிட்டு அடுத்த வருஷம் வாம்மா" என்றார். அவரைக் குறைசொல்ல முடியாது.

"எல்லாம் தெரியும்னு சொல்லிகினு இருந்தியேடி, இன்னாடி இது!" என்று வழியெல்லாம் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அழுதுகொண்டே நடந்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாத்தியார் கணக்குச் சொன்னார். நான் ஒன்றுமே எழுதவில்லை. வெறும் சிலேட்டைத் தூக்கிப் பிடித்தேன். பார்த்துத் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"சரி, உக்காரு" என்றார்.

அத்தனை பேர் உள்ளே இருந்தார்கள், ஒருவர்கூடத் திரும்பவில்லை. இந்த உலகத்தில் எனக்கென்று யாருமே இல்லை என்று தோன்றியது. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏன் வரவில்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்து யாரும் கேட்டு வரவில்லை.

அந்த வாரமே அம்மாவோடு நடவுக்கு இறங்கினேன். ஒரு பிடி நாற்றுகூட நட்டிருக்கமாட்டேன், வரப்பிலிருந்து நிலத்துக்காரர் கத்தினார்: "ஏய் பொண்ணே, இன்னா அவ்ளோ ஆழமா குத்துறே? தூர் கட்டாது, பயிர் பெருகாது. புடுங்கிட்டு மறுபடி நடு!"

பிடுங்கி மறுபடி நட்டேன். அவர் வரப்போரமாகவே நடந்து என் பக்கத்தில் வந்து நின்றார். குனிந்து, நான் நட்டதை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போனார்.