பக்கத்து சீட்டு பிரேக்

மாஸ்டர் தன் காரை விற்க முடிவு செய்ததற்குக் காரணம் முதுகுவலி. டிரைவிங் ஸ்கூல் நடத்தி இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் விறைப்பாக உட்கார்ந்து, யார் எப்போது எதில் கொண்டுபோய் மோதுவார்களோ என்று பார்த்துக்கொண்டிருந்தால் முதுகு என்னதான் செய்யும்? டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வருஷம் இதே வேலையைச் செஞ்சீங்கன்னா அப்புறம் நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டார். சரி, போதும், அந்த மாதத்தோடு ஸ்கூலை மூடிவிடலாம் என்று முடிவெடுத்தார்.

ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வண்டிகளில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் இருக்கும். ஓட்டுகிறவர் பயத்தில் காலைத் தூக்கிக்கொண்டாலும் மாஸ்டர் வண்டியை நிறுத்திவிடலாம். நம்ம மாஸ்டரின் கால் அந்தப் பிரேக்கை விட்டு இறங்கியதே கிடையாது. படிக்க வந்தவர்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்த பெயர் 'ரெண்டாவது பிரேக்'. அது அவர் காதுக்கும் வந்தது. முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாரே தவிர உள்ளுக்குள் ஒரே பெருமை. ஏனென்றால் இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வண்டி ஒரு நாய்க்குட்டியைக்கூட உரசியதில்லை. இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தபோதும் சொல்ல முயற்சி செய்தார் என்று அவர் மனைவி சொல்வாள்.

கார் விஷயத்துக்கு வருவோம். பழைய கார் விற்கிறவர்கள் என்ன செய்வார்கள்? கழுவுவார்கள், பாலிஷ் போடுவார்கள், வாய்க்கு வந்ததை அளந்துவிடுவார்கள். இந்த மனுஷன் ஒரு நோட்டுத் தாளைக் கிழித்து, வண்டியில் இருக்கிற கோளாறுகளை வரிசையாக எழுதினார். ஏற்றத்தில் ரெண்டாவது கியர் தானாக விழுந்துவிடும், கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். பின் கதவு உள்ளேயிருந்து மட்டும்தான் திறக்கும். வைப்பர் ஒரு பக்கம்தான் துடைக்கும். டேங்க் காலியாக இருந்தாலும் முள் பாதியில்தான் நிற்கும். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் ஹாரன் அடிக்கும். இப்படிப் பதினோரு கோளாறு. கடைசியில் மட்டும் கொட்டை எழுத்தில் 'பிரேக்: அப்பழுக்கில்லை' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

மனைவி தாளை வாங்கிப் படித்தாள். "ஏங்க, இது வண்டி விக்கிறதுக்கா, இல்ல வண்டியை ஆஸ்பத்திரியில சேர்க்கிறதுக்கா?"

"ஒளிச்சு வெச்சு வித்துட்டு நாளைக்கு ரோட்ல மூஞ்சிய மறைச்சுக்கிட்டுப் போகச் சொல்றியா?"

"நல்லா இருங்க. வர்றவன்லாம் தாளைப் படிச்சுட்டுத் தண்ணி குடிச்சுட்டுப் போகப் போறான்."

அப்படித்தான் ஆனது. முதலில் வந்த புரோக்கர் மூன்றாவது வரியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்து வந்த ஒருவர் முழுசாகப் படித்துவிட்டு, தாளை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எதற்கு எடுத்துப் போனாரோ தெரியவில்லை.

மூன்றாவதாக வந்தது மருந்துக்கடை மேடம். ஐம்பத்தொரு வயதில் இதே வண்டியில், இதே மாஸ்டரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவர். லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. அவர் வீட்டுக்காரருக்கு இடுப்பெலும்பில் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம். வாரத்தில் மூன்று நாள் நடைப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். டாக்சிக்காரர்கள் அவர் ஏறி இறங்குவதற்குள் நாலு தடவை வாட்சைப் பார்க்கிறார்களாம்.

"எனக்கு இந்த வண்டிதான் பழக்கம் மாஸ்டர். வேற வண்டியில ஏறினா கை நடுங்குது."

மாஸ்டர் விடவில்லை. பதினோரு கோளாறையும் நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினார். மேடம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அவருக்குத் தெரியாததா? அந்த ரெண்டாவது கியரைக் கையால் பிடித்துக்கொண்டுதானே கற்றுக்கொண்டார். பிறகு இருவரும் ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். மேடம் ஓட்டினார், மாஸ்டர் வழக்கம்போலப் பக்கத்தில். சிக்னலில் வண்டி வெண்ணெயில் இறங்கியதுபோல நின்றது.

"பாத்தீங்களா, பிரேக்கை. வண்டியும் நல்ல வண்டி, உங்க காலும் நல்ல கால். நான் சொல்லிக்குடுத்ததுல உங்களை மாதிரி பிரேக் போடுறவங்க ரொம்பக் கம்மி மேடம்" என்றார் மாஸ்டர். மேடத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. விலையை அங்கேயே பேசி முடித்தார்கள்.

மேடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தப் பக்கத்துல இருக்கிற பெடலைக் கழட்டிடணும் மாஸ்டர். அவரு அங்கதான் உட்காருவாரு. காலை மடக்க முடியாது."

நியாயமான பேச்சுதானே. மறுநாள் காலை மாஸ்டர், கற்றுக்கொள்கிற ஒரு பையனை ஓட்டச் சொல்லி வண்டியை மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுபோனார். மெக்கானிக் இவருக்கு ரொம்ப நாள் பழக்கம். அடியில் படுத்து, இரண்டு பக்கத்துப் பெடலையும் இணைக்கிற கம்பியைக் கழற்றி, அரை மணி நேரத்தில் பெடல்களை வெளியே எடுத்துப் போட்டார். பிறகு வண்டியை எடுத்து வெளியே விடலாம் என்று ஸ்டார்ட் செய்தார். வண்டி நேராகப் போய் வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மில் முட்டி நின்றது. டிரம் உருண்டு, ஷெட் முழுக்கத் தண்ணீர்.

மெக்கானிக் நிதானமாக இறங்கி வந்தார். "மாஸ்டர், இதுல பிரேக்னு ஒண்ணு இருந்துச்சா, இல்ல பெடலோட சேர்த்து அதையும் கழட்டிட்டேனா?"

மாஸ்டருக்குச் சுர்ரென்று ஏறியது. "யோவ், பதினோரு கோளாறு இருக்குன்னு நானே சொல்றேன். ஆனா பிரேக்கைப் பத்தி மட்டும் பேசாத. தினமும் இந்த வண்டியிலதான் போறேன்."

"போறீங்க. ஓட்டுறீங்களா?"

நல்ல கேள்வி. அவர் வீட்டுக்குப் போவது பஸ்ஸில். வண்டி நிற்பது ஸ்கூல் வாசலில். பெட்ரோல் போடக்கூட மாணவர்களைத்தான் ஓட்டச் சொல்வார், அதுவும் பாடம்தான் என்பார். லைசென்ஸ் டெஸ்டிலும் அப்படியே. அதிகாரி பின் சீட்டில், மாஸ்டர் பக்கத்து சீட்டில், அதுதான் அங்கே வழக்கம். யோசித்துப் பார்த்தால் அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன வருஷம் சர்வீஸுக்கு விட்டபோதும் பிரேக்கைத் தொட வேண்டாம், அது நன்றாக இருக்கிறது என்று சொன்னவர் இவரேதான்.

ஏறி உட்கார்ந்தார். ஷெட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் மெதுவாக ஓட்டிப் பிரேக்கை மிதித்தார். பெடல் தரை வரைக்கும் போனது, வண்டி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பதறி இரண்டாவது தடவை மிதித்தார். கப்பென்று நின்றது. மறுபடி ஓட்டினார். முதல் மிதி காற்றில், இரண்டாவது மிதியில் பிடித்தது. பத்துத் தடவை ஓட்டினார், பத்துத் தடவையும் அதே கதை.

"இது நேத்து வந்த வியாதி இல்ல. ஆறு மாசமாவது இருக்கும்" என்றார் மெக்கானிக். "பிரேக்குக்கு எண்ணெய் தள்ளுற சிலிண்டர் போயிருக்கு."

"ஆறு மாசமா? அப்ப சிக்னல்ல எப்படிய்யா நின்னுச்சு?"

மெக்கானிக் கழற்றிப் போட்ட பெடலைத் தூக்கிக் காட்டினார். பக்கத்து சீட்டுப் பிரேக்கின் ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளவென்று தெரிந்தது. ஓட்டுகிற பக்கத்துப் பிரேக்கின் ரப்பரில் கோடுகள்கூட அழியவில்லை.

மாஸ்டர் பெடலைக் கையில் வாங்கிக்கொண்டு அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். யாரும் விளக்க வேண்டியதில்லை. ஓட்டுகிறவர் பிரேக்குக்குக் காலைக் கொண்டுபோவதற்கு முன்பே, முன்னால் ஆபத்து வருவதைக் கண்டுபிடித்து அவர் கால் இரண்டு மிதியும் மிதித்திருக்கிறது. மாணவர்கள் மிதித்ததெல்லாம் அதற்கு அப்புறம்தான். அவர்களுக்கும் தெரியவில்லை, இவருக்கும் தெரியவில்லை. காலுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது, அது யாரிடமும் மூச்சுவிடவில்லை.

"விடுங்க மாஸ்டர். ரெண்டு நாள்ல புது சிலிண்டர் போட்டுத் தர்றேன். அந்தம்மாவுக்கு எதுக்குச் சொல்லணும்?" என்றார் மெக்கானிக்.

மத்தியானம் சாப்பிடும்போது மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "அதான் சரி பண்ணித் தர்றேன்னு சொல்லிட்டாரே. லிஸ்ட்ல பன்னெண்டாவதா எழுதிக் குடுத்துடுங்க."

"வண்டி சரியாயிடும். அந்தம்மா?"

"அந்தம்மாவுக்கு என்ன?"

"நல்லா பிரேக் போடுறாங்கன்னு நான்தானே சொன்னேன். அவங்க போட்டதே இல்லடி. வண்டி மெதுவானதுக்கு அப்புறம் காலை வெச்சிருக்காங்க, அவ்வளவுதான்."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "இதை அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

மாஸ்டர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் மேடம் வண்டி வேண்டாம் என்பார், அது போகட்டும். இருபத்திரண்டு வருஷம் என்ன வேலை பார்த்தாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? நாய்க்குட்டிக் கதையை இனி வாயைத் திறந்து சொல்ல முடியுமா?

"அந்த மனுஷனுக்கு இடுப்பை ஒட்ட வெச்சு ரெண்டு மாசம்தாங்க ஆகுது. அதே சீட்லதான் உட்காரப் போறாரு" என்றாள் மனைவி.

வண்டியை ஒப்படைக்கிற நாள் வந்தது. புது சிலிண்டர் போட்டாகிவிட்டது. மாஸ்டரே நாலு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டார், முதல் மிதியிலேயே சிக்கென்று பிடித்தது. மேடம் ஏறி உட்கார்ந்து சீட் பெல்ட்டைப் போட்டார், மாஸ்டர் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். பிரேக்கில் ஒரு சின்ன ரிப்பேர் செய்ததாக மட்டும் மாஸ்டர் சொன்னார். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. ஒருவேளை ஓட்டிப் பார்த்தால் நன்றாகவே ஓட்டிவிடுவாரோ என்று ஒரு நப்பாசை, அவ்வளவுதான்.

மூன்றாவது தெருவில் முன்னால் போன ஸ்கூல் வேன் நின்றது. மாஸ்டரின் கால் பெடல் இல்லாத வெறும் தரையை ஓங்கி மிதித்தது. வேகம் குறையவில்லை. மேடத்தின் கால் வேகம் தானாகக் குறையும் என்று காத்திருந்தது, குறையவில்லை என்று தெரிந்த பிறகு ஒரேயடியாக மிதித்தது. வேனுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது.

மேடம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். "புது பிரேக் கொஞ்சம் லேட்டா புடிக்குதோ மாஸ்டர்?"

ஆமாம் மேடம், பழகினா சரியாயிடும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கதை முடிந்தது. மாஸ்டர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுத்துக்கொள்ளலாம். முதுகுக்கும் நல்லது.

"பிரேக் சரியாத்தான் இருக்கு மேடம்" என்றார் அவர். "லேட்டா வந்தது உங்க கால். ஓரமா நிறுத்துங்க, சொல்றேன்."

எல்லாவற்றையும் சொன்னார். ரப்பர் தேய்ந்ததைச் சொன்னார். லைசென்ஸ் டெஸ்டில் வண்டியை நிறுத்தியது யார் என்பதையும் சொன்னார். மேடம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால் மாஸ்டருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் ஒரு மாத்திரைக்கு வேற மாத்திரையைக் குடுத்துட்டு, உங்களுக்கு உடம்பு குணமாயிடுச்சுன்னு சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா?"

"மாட்டேன் மேடம்."

"நாளைக்கு அவரை உட்கார வெச்சிருப்பேன். இதே வேன், இதே இடம்."

"தெரியும் மேடம். வண்டி வேண்டாம்னா திருப்பி எடுத்துக்கறேன்."

"வண்டி மேல என்ன தப்பு?" என்றார் மேடம். "இறங்கிப் பின்னாடி போய் உட்காருங்க. நீங்க பக்கத்துல இருந்தா உங்க கால் சும்மா இருக்காது. அதைப் பாத்துக்கிட்டு என் கால் தூங்கிடும்."

மாஸ்டர் இறங்கினார். பின் கதவு வெளியிலிருந்து திறக்காதே, மேடம் எட்டித் திறந்துவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு மணி நேரம். மாஸ்டர் பின் சீட்டில் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு, காலை மடக்கிக்கொண்டு உட்காருவார். பேசக்கூடாது, 'அய்யோ' என்றுகூடச் சொல்லக்கூடாது என்பது மேடத்தின் உத்தரவு. முதல் நான்கு நாள் அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தார் என்று சொன்னால் தப்பில்லை. மேடத்தின் வீட்டுக்காரர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, "இன்னைக்காவது நான் ஏறலாமா?" என்று கேட்பார். "இன்னும் இல்ல" என்று சொல்லிவிட்டு மேடம் வண்டியை எடுப்பார்.

ஒன்பதாவது நாள். சந்து ஒன்றிலிருந்து ஒரு சைக்கிள் குறுக்கே பாய்ந்தது. பின் சீட்டில் இருந்த மாஸ்டர் அதைப் பார்க்கவே இல்லை. வண்டி சடக்கென்று நின்றது. அவர் முன்னால் விசிறப்பட்டு, நெற்றி முன் சீட்டின் முதுகில் நங்கென்று இடித்தது. சைக்கிள்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

மேடம் திரும்பினார். மூச்சு வாங்கியது. "மாஸ்டர், இப்ப யாரு பிரேக் போட்டது?"

மாஸ்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். தான் கற்றுக்கொடுத்தவர் தனக்கு முன்பே ஆபத்தைப் பார்த்துப் போட்ட பிரேக்குக்கு அவர் உடம்பு முன்னால் சாய்ந்தது இந்த இருபத்திரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அது அடிபட்டதால் மட்டும் இல்லை.

"நீங்கதான் மேடம்" என்றார். "வீட்டுக்கு விடுங்க. சாரை ஏத்திக்கலாம்."